கொரங்காட்டுப் பாடம்

பரீட்சையில் தவறிய பையனைப் பார்த்து, "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு!" என்று கோபித்துக்கொள்வது நம் வீடுகளில் நெடுநாளைய வழக்கம். அப்படிச் சொல்கிற தகப்பனார் அநேகமாய் மாடு மேய்த்து அறியாதவராகவே இருப்பார். அறிந்திருந்தாரானால், அந்தத் தொழிலுக்கு வேண்டிய பொறுமையும் கணக்கறிவும் முன்யோசனையும் இவ்வளவென்று தெரிந்து, பையனை வேறு ஏதேனும் சுலபமான உத்தியோகத்துக்குச் சிபாரிசு செய்திருப்பார். காலை வேளையில் காப்பிக்குப் பால் வந்து சேர்ந்துவிட்டால், அந்தப் பால் எந்தப் புல்லிலிருந்து வந்தது, அந்தப் புல் எந்த நிழலில் வளர்ந்தது என்று நாம் கேட்பதில்லை. இந்த வாரம் அதைச் சற்றுக் கேட்டுப் பார்க்கலாம் என்று எண்ணுகிறோம்.

கொங்கு நாட்டில் காங்கயம், தாராபுரம், வெள்ளகோவில், மூலனூர், அரவக்குறிச்சி முதலிய ஊர்களின் பக்கம் பிரயாணம் செய்திருக்கும் நேயர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். சாலையின் இரு புறத்திலும் முள்ளடர்ந்த வேலிகள். வேலிக்கு அப்பால், வெளிறிய பட்டையும் குடை போலப் பரந்த தலையுமாக அங்கொன்றும் இங்கொன்றும் வேல மரங்கள். தரையில் முழங்காலளவு புல். கோடையிலானால் அதுவும் காய்ந்து வைக்கோல் நிறமாய் நிற்கும். பஸ்ஸில் போகும் பட்டணவாசி இதைப் பார்த்து, "எவ்வளவு நிலம் தரிசாய்க் கிடக்கிறது!" என்று பரிதாபப்பட்டுவிட்டுக் கண்ணயர்ந்து போவார்.

அது தரிசு அல்ல, காடும் அல்ல. நெல் வயல் எப்படி ஒருவருக்குச் சொந்தமான பட்டா நிலமோ அப்படியே இதுவும் ஒரு குடியானவருக்குச் சொந்தமான நிலம். நெல்லுக்குப் பதிலாக அவர் அதில் புல்லைப் பயிரிட்டிருக்கிறார். புல்லுக்குக் காவலாக மரத்தை வைத்திருக்கிறார். இதற்குக் கொரங்காடு என்று பெயர்.

மரத்தையும் புல்லையும் மாட்டையும் ஒரே நிலத்தில் சேர்த்து வளர்க்கும் முறையை இன்று உலகத்து விஞ்ஞானிகள் பலர் புதிய மார்க்கமாகப் போதித்து வருகிறார்கள். பூமியின் வெப்பம் ஏறிவரும் காலத்தில் கால்நடைத் தொழில் நிலைத்திருப்பதற்கு அது நல்ல வழி என்கிறார்கள். அவர்கள் சொல்வதை நாம் முழு மனதோடு ஒப்புக்கொள்கிறோம். ஆனால் கொங்கு நாட்டுக் குடியானவர்கள் யாரிடமும் பாடம் கேளாமல் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்திருக்கும் காரியம் அது. புதிய மார்க்கத்தைக் கைக்கொள்ளும்படி மற்ற ஜில்லாக்காரர்களுக்குச் சொல்கிற அதே சமயத்தில், பழைய மார்க்கத்தை அது பிறந்த இடத்திலேயே நாம் இழந்துகொண்டிருக்கிறோம் என்பதுதான் விசேஷம்.

கொரங்காட்டின் உள்ளமைப்பைச் சற்று விவரமாகவே பார்ப்போம்.

அந்தப் பக்கத்தில் வருஷத்துக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை பெய்தால் பெரிது. அதிலும் பெரும் பகுதி ஐப்பசி கார்த்திகையில் பெய்து ஓய்ந்துவிடும். நிலமோ பல இடங்களில் சரளை கலந்த மேட்டு நிலம். இத்தகைய பூமியில் வருஷந்தோறும் தானியம் விதைப்பது சூதாட்டத்துக்குச் சமானம். ஆகவே தானியத்தை நம்பாமல் மாட்டையும் ஆட்டையும் நம்பி வாழ அந்த ஜனங்கள் கற்றுக்கொண்டார்கள்.

முதலில் வேலி. கிளுவை என்னும் முட்செடியின் போத்துக்களை வெட்டி நெருக்கமாய் நட்டுவிட்டால் அவை வேர்விட்டு உயிர் வேலியாகிவிடும். கல்லும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். துருப்பிடிப்பதில்லை, யாரும் திருடிக்கொண்டு போவதுமில்லை. குருவிக்கும் ஓணானுக்கும் கீரிக்கும் அது குடியிருப்பு. சில ஏக்கரா அளவுள்ள ஒவ்வொரு துண்டையும் இப்படி நாற்புறமும் அடைத்து, ஒரு கடவு மாத்திரம் விட்டு வைப்பார்கள். காலையில் மாடுகளை உள்ளே விட்டுக் கடவைச் சாத்திவிட்டால் மாலை வரையில் அவற்றைப் பற்றிக் கவலையில்லை. கூடவே நிற்க ஆள் வேண்டியதில்லை. பரீட்சையில் தவறிய பையனுக்கு இங்கேயும் உத்தியோகம் காலியில்லை என்பதை அவன் தகப்பனார் கவனிக்க வேண்டும்!

வேலியின் உபயோகம் இத்தோடு நிற்கவில்லை. ஒரு துண்டில் மேய்கிறபோது மற்றத் துண்டுகள் ஓய்வெடுத்துக்கொள்கின்றன. மழை பெய்து புல் தளிர்க்கும் சமயத்தில் மாட்டை உடனே விட்டுவிடாமல், புல் கதிர் வாங்கி விதை உதிரும்வரை காத்திருப்பது நல்ல குடியானவருடைய லட்சணம். திறந்த புறம்போக்கில் இந்தக் காத்திருப்பு நடவாது. நாம் காத்திருந்தால் பக்கத்து வீட்டு மாடு காத்திருக்குமா?

புல்லில் முதன்மையானது கொழுக்கட்டைப் புல். வேர் ஆழமாய் ஓடும்; ஒரு முறை ஊன்றிவிட்டால் பல வருஷம் நிற்கும். வறட்சியில் செத்தது போலக் கிடந்து, ஒரு மழை பெய்தால் இரண்டொரு வாரத்தில் எழுந்துவிடும். அதனோடு நரிப்பயறு போன்ற பயற்றினக் கொடிகளும் தாமாக முளைத்துப் படர்கின்றன. சிலர் சில வருஷங்களுக்கொருமுறை நிலத்தை லேசாக உழுது சோளம் விதைத்து, பிறகு மறுபடியும் புல்லுக்கே விட்டுவிடுவதும் உண்டு.

அடுத்தது மரம். வெள்வேல மரத்தின் இலை மிகச் சிறியது. அதன் நிழல் அடர்ந்த இருட்டு நிழல் அல்ல, சல்லடையில் சலித்த வெயில் போன்றது. ஆகையால் அடியில் புல் சாகாமல் வளர்கிறது. கோடையில் அதன் காய்கள் முற்றி உதிரும். புல் தீர்ந்து, வைக்கோலுக்கு விலை ஏறி, குடியானவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் அந்தச் சமயத்தில் மரம் தலைக்கு மேலிருந்து தீனி போடுகிறது! மாடும் ஆடும் அந்தக் காயை விரும்பித் தின்கின்றன. கடினமான தோலையுடைய விதை கால்நடையின் வயிற்றில் புகுந்து சாணத்தோடும் புழுக்கையோடும் வெளிப்பட்டு, அடுத்த மழையில் முளைக்கிறது. இதில் மனிதன் செய்ய வேண்டியது, முளைத்த கன்றுகளில் எதை வைத்துக்கொள்வது, எதைப் பிடுங்குவது என்று தீர்மானிப்பது மட்டுமே. (இந்த மரத்தின் பட்டை ஒரு காலத்தில் சாராயம் காய்ச்சுவதற்கும் உதவியது. மரத்தின் மற்றப் பெருமைகளை எண்ணி அதை மன்னித்துவிடுவோம்.)

இத்தகைய மேய்ச்சலில் உருவானதுதான் காங்கயம் இனம். பிறக்கும்போது செந்நிறமாயிருந்து, ஆறு மாதமாகும்போது சாம்பல் நிறம் பெறும் கன்றுகள்; பாரம் இழுப்பதிலும் வெயில் தாங்குவதிலும் பெயர் பெற்ற காளைகள். பழையகோட்டைப் பட்டக்காரராயிருந்த நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியாரின் முயற்சியால் இந்த இனம் சீரடைந்து தேசமெங்கும் புகழ் பெற்றதென்பது கால்நடை நூல்களிலெல்லாம் காணும் செய்தி. இனத்தைப் புகழ்ந்தவர்கள் அது மேய்ந்த காட்டைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. 2017-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் ஜல்லிக்கட்டுக்காகச் சென்னைக் கடற்கரையில் ஆயிரக் கணக்கான வாலிபர்கள் கூடியபோது, நாட்டு மாட்டைக் காப்பாற்ற வேண்டும் என்ற கோஷம் வானைப் பிளந்தது. நல்ல கோஷந்தான். ஆனால் நாட்டு மாடு கோஷத்தைத் தின்று வாழாது. அதற்குப் புல் வேண்டும்.

அந்தப் புல் எங்கே போகிறது என்று பார்த்தால், காரணங்கள் வெகு தெளிவாயிருக்கின்றன. உழவுக்கு டிராக்டரும் பாரத்துக்கு லாரியும் வந்த பிறகு காளைக்குக் கிராக்கி குறைந்தது. காங்கயம் பசு கொடுக்கும் பாலோ நாளொன்றுக்கு இரண்டு மூன்று லிட்டர். கலப்பினப் பசு அதைப்போல் பல மடங்கு கறக்கிறது. குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டியவர் எதை வாங்குவார்? இதற்கிடையில் திருப்பூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகள் ஆட்களை இழுத்துக்கொண்டன. நிலத்தைக் கூறு போட்டு வீட்டு மனையாக விற்றால் ஒரே நாளில் கிடைக்கும் பணத்தை, மாடு வளர்த்து ஒரு தலைமுறையிலும் பார்க்க முடியாது. இப்படியாகக் கொரங்காட்டுக்காரர் ஒவ்வொருவரும் நியாயமான காரணத்தோடுதான் அதைக் கைவிடுகிறார். அதனால்தான் ஆபத்து பெரிதாயிருக்கிறது. அயோக்கியர்கள் செய்கிற காரியமாயிருந்தால் போலீஸைக் கூப்பிட்டுவிடலாமே!

"பழைய மாட்டுக்குப் பழைய காடு, இரண்டும் போனால் போகட்டும்" என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றுண்டு. மரத்து நிழல் நாட்டு மாட்டைக் காட்டிலும் கலப்பின மாட்டுக்குத்தான் அதிகம் தேவை. குளிர் தேசத்து இரத்தம் கலந்த பசு, சித்திரை வெயிலில் தீனியைக் குறைத்துக்கொள்கிறது. அசை போடுவது குறைகிறது. வாயைத் திறந்து இளைத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டியண்டை நிற்கிறது. பால் இறங்குகிறது, சினை பிடிப்பதும் தவறுகிறது. தகரக் கொட்டகையில் கட்டி, மின்சார விசிறி போட்டு, தீவனம் மூட்டை மூட்டையாய் வாங்குகிறவர்கள், கறக்கிற பாலில் எத்தனை பங்கைத் தீவனக் கடைக்குக் கொடுக்கிறோம் என்று கணக்குப் பார்க்க வேண்டும். மரத்தடிக் காற்றுக்கு மின்சாரக் கட்டணமில்லை.

பூமிக்கு மறு பக்கத்திலுள்ள கொலம்பியா தேசத்தில் இந்தக் கணக்கைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். தென் அமெரிக்காவில் மாட்டுக்காகக் காட்டை அழிப்பது பெரிய வியாதி. மரத்தையெல்லாம் வெட்டி வெறும் புல்வெளியாக்கி, சில வருஷத்தில் அந்தப் புல்லும் தேய்ந்து, மண்ணும் இறுகிப் போக, மறுபடியும் அடுத்த காட்டை வெட்டுவார்கள். இந்த வழக்கத்துக்கு மாறாக, காவ்கா பள்ளத்தாக்கிலுள்ள எல் ஹட்டிகோ என்னும் பண்ணையார் குடும்பத்துப் பண்ணையில், மேய்ச்சல் நிலத்திலேயே சவுண்டல் செடியை - நம் ஊரில் சூபாபுல் என்பார்களே, அதை - ஹெக்டேருக்கு 10,000-க்கு மேற்பட்ட கணக்கில் புதராக நட்டார்கள். அதனிடையே புல், மேலே பெரிய மரங்கள். மாடுகள் ஒரு பாத்தியில் ஒன்றிரண்டு நாள் மேய்ந்துவிட்டு அடுத்த பாத்திக்குப் போய்விடும். மேய்ந்த பாத்திக்குச் சுமார் ஆறு வாரம் ஓய்வு. சவுண்டல் பயற்றினமாகையால் காற்றிலுள்ள நைட்ரஜனைத் தன் வேர் முடிச்சுக்களின் உதவியால் மண்ணில் சேர்க்கிறது. முன்பு புல்லுக்காக மூட்டை மூட்டையாய்ப் போட்டு வந்த யூரியாவை அந்தப் பண்ணையில் நிறுத்திவிட்டார்கள். 1986-ல் காலி நகரத்தில் ஏற்பட்ட 'சிபாவ்' என்னும் ஆராய்ச்சி ஸ்தாபனம் இந்த முறையை மற்றக் குடியானவர்களிடையிலும் பரப்பி வருகிறது.

அங்கே கண்டறிந்த இன்னொரு விஷயம் நம் சர்க்கார் மனத்தில் பதிய வேண்டியது. மரம் வைத்தால் நன்மை என்று குடியானவருக்குத் தெரியாமலில்லை. கன்று வேரூன்றும் வரையில் நிலத்தில் மாட்டை விடக் கூடாது; அந்தக் காலத்துக்கு மாடு எதைத் தின்னும், வீட்டார் எதைத் தின்பார்கள் என்பதுதான் அவருடைய கேள்வி. 2002-ம் வருஷம் தொடங்கிச் சில வருஷங்கள் கொலம்பியா, கோஸ்டா ரிக்கா, நிகராகுவா ஆகிய மூன்று தேசங்களிலும் உலக பாங்கியின் மூலமாக ஒரு திட்டம் நடந்தது. மேய்ச்சல் நிலத்தில் மரம் சேர்க்கச் சேர்க்க, அதனால் பறவைகளுக்கும் காற்றுக்கும் உண்டாகும் நன்மையை அளந்து குடியானவர்களுக்குப் பணம் கொடுத்தார்கள். ஊருக்கு நன்மை செய்கிறவரிடம், செலவை மட்டும் நீயே ஏற்றுக்கொள் என்று சொல்வது தர்மமல்ல என்பதே அதன் தாத்பரியம்.

சவுண்டலைப் பற்றிப் பேசியாகிவிட்டபடியால் ஒரு எச்சரிக்கையும் சொல்லத்தான் வேண்டும். அதன் இலையில் மிமோசின் என்ற ஒரு நச்சுப் பொருள் உண்டு. ஆஸ்திரேலியாவில் அதை மேய்ந்த மாடுகள் மயிர் உதிர்ந்து, கழுத்து வீங்கி நோயுற்றன. ஹவாய்த் தீவிலோ அதே இலையைத் தின்ற ஆடுகள் சுகமாயிருந்தன. இந்த வித்தியாசத்தைக் கவனித்தவர் ரேமண்டு ஜோன்ஸ் என்னும் ஆஸ்திரேலிய விஞ்ஞானி. ஹவாய் ஆடுகளின் வயிற்றில் அந்த நஞ்சை முறிக்கும் நுண்ணுயிர் ஒன்று இருப்பதை அவர் கண்டார். அதை ஆஸ்திரேலிய மாடுகளின் வயிற்றில் சேர்த்த பிறகு அவையும் இலையைத் தின்று சுகமாயிருந்தன! 1992-ல் அந்த நுண்ணுயிருக்கு அவருடைய பெயரையே வைத்தார்கள். நம் குடியானவர்கள் இத்தனை ஆராய்ச்சிக்குப் போக வேண்டியதில்லை. சவுண்டலை மற்றத் தீனியோடு கலந்து, மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்போகாமல் கொடுத்து வந்தால் போதும்.

மரம் என்று வந்துவிட்டால் எந்த மரமாயிருந்தாலும் சரி என்று நினைக்கிறவர்களும் உண்டு. அவர்களைக் குஜராத்திலுள்ள பன்னிப் புல்வெளிக்கு ஒரு நடை போய்வரச் சொல்கிறோம். உப்பு மண் பரவாமல் தடுப்பதற்காக 1960-களில் அங்கே சீமைக் கருவேலை நட்டார்கள். அந்தக் காயையும் கால்நடைகள் தின்கின்றன. அந்த விதையும் சாணத்தோடுதான் பரவுகிறது. வெள்வேல் எந்த வழியில் பெருகுகிறதோ அதே வழி. ஆனால் வெள்வேல் விலகி நின்று புல்லுக்கு இடங்கொடுக்கிறது. சீமைக் கருவேல் புதராய் அடைத்துக்கொண்டு புல்லைக் கொன்றுவிடுகிறது. பெயர் பெற்ற அந்தப் புல்வெளியின் பெரும் பகுதியை இன்று முட்புதர் மூடியிருக்கிறது. ராமநாதபுரத்தாருக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

அதே போலக் கொரங்காட்டை அப்படியே பெயர்த்து மாயவரத்து நன்செயில் கொண்டு போய் வைக்கும்படி நாம் யாருக்கும் யோசனை சொல்லவில்லை. தண்ணீர் உள்ள இடத்தில் வரப்பில் அகத்தி போதும். மேட்டு நிலத்தில் வாகையும் வேம்பும் உண்டு. ஆடு வளர்ப்பவருக்கு உசிலை இருக்கிறது. அந்தந்த மண்ணுக்கு எது என்பதை அந்தந்த ஊர்க் கிழவர்கள் அறிவார்கள்; கேட்பதற்குத்தான் ஆளில்லை.

இனி நம் நேயர்களில் ஒரு சாராரிடம் நேராகப் பேச விரும்புகிறோம். சென்னையிலும் கோயமுத்தூரிலும் பெங்களூரிலும் உத்தியோகம் பார்த்துக்கொண்டு, ஊரில் தகப்பனார் வைத்துப் போன சில ஏக்கரா புன்செய்க்குச் சொந்தக்காரர்களாயிருக்கும் கனவான்களும் சீமாட்டிகளும் உங்களில் அநேகர். வருஷத்துக்கு ஒரு முறை திருவிழாவுக்குப் போகும்போது வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "இதனால் ஒரு பைசா பிரயோஜனமில்லை" என்று சலித்துக்கொள்கிறீர்கள். நிலத்தை வருஷக் குத்தகைக்கு விட்டிருப்பீர்கள். கோளாறு அங்கேதான் இருக்கிறது. ஒரே வருஷத்துக்குக் குத்தகை எடுத்தவர், மாசி மாதத்துக்குள் புல்லை வேரோடு மேய்த்துவிடத்தான் பார்ப்பார். விதை உதிரும் வரையில் அவர் ஏன் காத்திருக்க வேண்டும்? முளைத்த வெள்வேலங் கன்றை அவர் யாருக்காகக் காப்பாற்ற வேண்டும்? வேலியில் இடைவெளி விழுந்தால் கிளுவை நட்டு அடைப்பது யார் செலவு? அவரைக் குறை சொல்வதில் பயனில்லை. ஐந்து வருஷத்துக்கோ ஏழு வருஷத்துக்கோ எழுதிக் கொடுங்கள். வேலி புதுப்பிக்கும் செலவைக் குத்தகையில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நிற்கும் மரத்தை வெட்டுவதில்லை என்றும், சீமைக் கருவேலை வேரோடு எடுப்பதென்றும் பத்திரத்தில் ஒரு வரி சேருங்கள். குத்தகைப் பணம் இப்பொழுது சற்றுக் குறையலாம். ஐந்து வருஷம் கழித்து உங்கள் கைக்குத் திரும்பி வருவது புல்லும் மரமும் வேலியும் உள்ள நிலமாயிருக்கும். இன்றுள்ள ஏற்பாட்டில் திரும்பி வரப்போவது சரளைக் கல்.

சர்க்காரையும் சும்மா விட்டுவிடுவதற்கில்லை. 1962-ல் ஜான்சி நகரத்தில் புல்லுக்கும் தீவனத்துக்குமென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்படுத்தினார்கள். 2014-ல், உலகத்திலேயே முதலாவதாக, வேளாண் காடு வளர்ப்புக்கென்று ஒரு தேசியக் கொள்கையும் நம் நாட்டில் வகுத்தார்கள். சொந்த நிலத்தில் வளர்த்த மரத்தை வெட்டவும் கொண்டு போகவும் உள்ள கட்டுப்பாடுகளைச் சுலபமாக்க வேண்டும் என்று அதில் சொல்லியிருக்கிறது. கொள்கை நல்ல கொள்கை. வரண்ட தாலுகாவில் இரண்டு மாடும் பத்து ஆடும் வைத்திருக்கும் விதவைத் தாய் ஒருத்திக்கு, கன்று வேரூன்றும் வரையிலான தீவனத்துக்கு அதன் மூலம் உதவி கிடைத்தால், அது இன்னும் நல்ல கொள்கையாகும். மழை பொய்த்த வருஷத்தில் தீவன முகாம் போட்டு வைக்கோல் கொடுப்பதற்குப் பணம் இருக்கிறது. அந்தப் பணத்தில் ஒரு பங்கை நல்ல மழை வருஷத்தில் கிளுவைக்கும் புல் விதைக்கும் கொடுப்பதில் என்ன தடை என்பது நமக்கு விளங்கவில்லை.

இதைப் படித்துவிட்டு இந்த வருஷமே ஓர் ஏக்கராவிலாவது முயன்று பார்ப்போம் என்று எண்ணும் நேயர்களுக்கு இரண்டு விவரம். கிளுவைப் போத்துக்களை மழைக்கு முன்பே நட்டு, வேர் பிடிக்கும் வரையில் ஆடு கடிக்காமல் வெட்டு முள்ளால் மறைத்து வைக்க வேண்டும். கொழுக்கட்டைப் புல்லின் விதையை அறுத்த கையோடு விதைத்தால் சரியாக முளைக்காது. உறக்கம் தெளியச் சில மாதம் உலர்ந்த இடத்தில் வைத்திருந்து, முதல் மழையின் ஈரத்தில் ஆழப் புதைக்காமல் மேலாகத் தூவி, முள்ளுக் கிளை ஒன்றை அதன் மேல் லேசாக இழுத்துவிட்டால் போதும்.